ஒன்ஸ்மோர்: யாருடைய குரல்?

1786 மே, வியன்னா. மொசார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்'. எஜமானனை மடக்கும் வேலைக்காரனின் கதை. சபை கத்திக் கத்தியே பல பகுதிகளைத் திரும்பப் பாடவைத்துவிட்டது. சில நாட்களிலேயே பேரரசர் இரண்டாம் யோசேப்பின் ஆணை: ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள் சேர்ந்து பாடும் எதையும் மறுபடி பாடக்கூடாது. நேரம் நீள்கிறதாம். தனிக்குரலுக்குத் தடையில்லை.

இந்த விதிவிலக்கைத்தான் நான் வாசிக்க விரும்புகிறேன். அரசர் நினைத்தாரோ இல்லையோ, ஆணை என்கிற பிரதி இப்படித்தான் பேசுகிறது: நட்சத்திரத்தைக் கொண்டாடு, கூட்டுக்குரலை நீட்டாதே.

இன்றைய ராக் கச்சேரியிலோ தடையே கிடையாது. குழு உள்ளே போகும். அரங்க விளக்கைப் போடமாட்டார்கள். திரும்பி வந்து பாட வேண்டிய பாட்டு பட்டியலில் முன்பே இருக்கும். அது தெரிந்தும் நான் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். அரசர் பயந்து தடுத்த குரலா அது, இல்லை, நிகழ்ச்சி நிரலில் எனக்கு எழுதிவைத்த வசனமா?