அந்தலுஸ் மண்ணில் எட்டு நாட்கள்

குர்துபீ என்னும் பெயரை உச்சரிக்காமல் எனக்கு ஒரு வாரம் கழிவது அரிது. மதரஸாவில் இமாம் குர்துபீ (ரஹ்) அவர்களின் திருமறை விரிவுரையைத் திறக்கும் போதெல்லாம், அப்பெயருக்குள் ஓர் ஊர் இருப்பது நினைவில் எழும். ஸ்பெயின் நாட்டின் கொர்தோபா நகரமே அன்றைய குர்துபா. 1236 இல் அந்நகர் வீழ்ந்தபின் எகிப்து சென்ற இமாமவர்கள், 1273 இல் அங்கேயே மறைந்தார்கள். ஊரை இழந்தவர் ஊர்ப் பெயரை மட்டும் உடன் கொண்டு சென்றார். அவ்வூரை ஒருமுறையேனும் காண வேண்டும் என்பது என் நெடுநாள் வேட்கை.

அல்லாஹ்வின் அருளால் சென்ற குளிர்காலத்தில் அது கைகூடியது. கல்லூரியில் உடன் பயின்ற நண்பர்கள் மூவரும் நானும் புறப்பட்டோம்.

சிறு தொகை, பெரும் பயணம்

எங்களுள் செல்வர் எவருமில்லை. விமானக் கட்டணம் நீங்கலாக ஆளுக்கு நாளொன்றுக்கு 50 யூரோ என்று வரையறுத்துக் கொண்டோம். மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள் அல்லவா? துணிக்கடை வைத்திருக்கும் நண்பரை அமீராக்கிப் பணப்பையை அவரிடம் ஒப்படைத்தோம். மீதிச் சில்லறைக்குக்கூட அவர் கணக்கு எழுதினார்.

உடைமை யாவும் ஆளுக்கொரு முதுகுப்பையில் அடங்கின. தங்கியது அடுக்குக் கட்டில்கள் கொண்ட எளிய பயணிகள் விடுதிகளில். நான்கு கட்டில் அறையை முழுதாக எடுத்துக்கொண்டால், பிறருக்கு இடையூறின்றிச் சுபுஹுக்கு எழலாம். விடுதிகளின் பொதுச் சமையலறையில் எவரும் எதையும் சமைப்பர். ஆதலின் சிறு பாத்திரம் ஒன்றும் பருப்புப் பொடியும் வீட்டிலிருந்தே கொண்டு சென்றோம். வெளியில் உண்ணும்போது உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுடும் தோர்த்தியா எங்களுக்குக் கைகொடுத்தது. குளிர்காலத்தில் கடைதோறும் அடுக்கியிருக்கும் போல்வொரோன் என்னும் இனிப்பில் வழக்கமாகப் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பர். செல்வோர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

அரபு படித்த பயன்

மத்ரீத் நகரமே 9 ஆம் நூற்றாண்டில் அமீர் முதலாம் முஹம்மத் எழுப்பிய கோட்டையிலிருந்து வளர்ந்தது. அப்பழைய மதிலின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. அங்கிருந்து கொர்தோபாவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. நாங்களோ ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பேருந்தில் சென்றோம். பணம் மிச்சமானது மட்டுமன்று, குன்றுதோறும் வரிசையிட்டு நின்ற ஒலிவ மரங்களைக் கண்குளிரக் கண்டோம்.

ஸ்பானிய மொழியை நான் கற்றதில்லை. ஆயினும் கொர்தோபாவின் சந்தையில் நுழைந்ததும் பழகிய குரல்கள் கேட்டன. எண்ணெய் அவர்களுக்கு அஸெய்தே, அரபியில் அஸ்ஸைத். சர்க்கரை அஸூகார், அரபியில் அஸ்ஸுக்கர். அரிசி அர்ரோஸ், அரபியில் அர்ருஸ். ஊரைத் தழுவி ஓடும் குவாதல்கிவிர் ஆறு, ‘அல்வாதி அல்கபீர்’, அதாவது பேராறு. ஆரஞ்சுக்கு அவர்கள் வழங்கும் நரன்ஹா என்னும் சொல், நம் நாரத்தைக்கும் உறவுடையது. அரபு, பாரசீகம் வழியே தென்னிந்தியாவரை அதன் வேரைக் காட்டுவர் மொழியறிஞர்.

ஒரு மணி நேரம்

கொர்தோபாப் பெரிய பள்ளிவாசலுக்கு முதலாம் அப்துர் ரஹ்மான் 785 வாக்கில் அடிக்கல்லிட்டார். பின்வந்தோர் இருநூறாண்டுக் காலம் விரிவாக்கினர். 1236 முதல் அது கிறித்தவ ஆலயம். 1523 இல் அதன் நடுவே தேவாலய மண்டபம் எழுப்பத் தொடங்கினர். திங்கள் முதல் சனி வரை காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை கட்டணமில்லை. எம் அமீர் அந்த நேரத்தையே தேர்ந்தார்.

குளிர்காலத்தில் அங்கே கதிரவன் எழவே எட்டரை மணியாகிறது. அறையில் சுபுஹு தொழுது, இருளில் நடந்து, ஆரஞ்சு மர முற்றத்தைக் கடந்து உள்ளே நுழைந்தோம். எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள். அவற்றின்மேல் செம்மையும் வெண்மையும் மாறி மாறி அமைந்த இரட்டை வளைவுகள். பேரீச்சந்தோப்பினுள் நிற்பது போலிருந்தது. தொலைவில் பொன் ஒளிரும் மிஹ்ராப்.

அதன் எதிரே நின்ற அமீரின் கண்கள் கலங்கின. தக்பீர் கட்டக் கைகளை உயர்த்தினார். நான் அவர் முழங்கையைப் பற்றினேன். முஸ்லிம்கள் அங்கே தொழ அனுமதியில்லை. 2010 இல் தொழ முற்பட்ட பயணிகளுக்கும் காவலர்களுக்கும் கைகலப்பு நேர்ந்து, இருவர் கைதான செய்தியை நான் படித்திருந்தேன்.

“தொழுவதற்கென்றே கட்டிய இடத்தில் தொழாமல் நிற்பது எப்படி, மௌலவி?” என்றார்.

“அவர்கள் விதியை அறிந்துதானே உள்ளே வந்தோம்?” என்றேன். என் விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அப்போது காலை வழிபாட்டுக்கு வந்த மூதாட்டி ஒருவர் எங்களைப் பார்த்துப் புன்னகைத்துக் கடந்தார். அவருக்கு அது சிறுவயது முதல் பழகிய ஊர் ஆலயம். அவர்மீது எங்களுக்கு என்ன பகை? நால்வரும் ஒரு தூணருகே நின்று, நாவசையாமல் உள்ளத்துள் ஓதினோம்.

செவில் நகர் செல்லும் பேருந்தில் அமீர் என்னோடு பேசவில்லை. அங்குள்ள ஹிரால்தா கோபுரம் ஒரு காலத்தில் பள்ளிவாசல் மினாரா. படிகளுக்கு மாறாகச் சரிவுப் பாதையே மேலேறுகிறது. அதில் ஏறும்போதும் அவர் முன்னால் தனியே நடந்தார்.

கர்னாத்தாவின் மாலை

1492 ஜனவரி 2 அன்று இறுதி முஸ்லிம் அரசும் வீழ்ந்த இடம் கர்னாத்தா, இன்றைய கிரனாதா. அல்ஹம்ரா அரண்மனைக்குச் செல்வோர் சீட்டை முன்கூட்டியே பதிந்துவிட வேண்டும். நஸ்ரீ மாளிகைகளுக்குள் குறித்த நேரத்தில்தான் விடுவர். ‘வலா ஃகாலிப இல்லல்லாஹ்’, அல்லாஹ்வையன்றி வெல்வோர் எவருமில்லை. தோற்ற மன்னர்களின் சுவர்களெங்கும் இவ்வாசகமே பொறிக்கப்பட்டிருக்கிறது. மன்னர்கள் சென்றார்கள், வாசகம் மெய்யாய் நிற்கிறது.

அதற்கு எதிர்க்குன்றான அல்பைஸீனில் 2003 இல் ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் அந்நகர் கண்ட முதற் பள்ளி அது. அஸர் ஜமாஅத்தில் ஸ்பானியரும் மொரோக்கோ நாட்டவரும் எங்கள் தோளோடு தோள் நின்றனர். தொழுதபின் தோட்டத்தில் அமர்ந்து, எதிரே மாலை வெயிலில் சிவந்த அல்ஹம்ராவைப் பார்த்திருந்தோம்.

“அன்று நீங்கள் கையைப் பிடித்தது சரியா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை” என்றார் அமீர்.

“எனக்கும்தான்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். கணக்கேட்டைத் திறந்து, அன்றைய செலவை எழுதத் தொடங்கினார்.

ஸ்பானியர் ஒன்றை விரும்பி வேண்டும்போது ‘ஓஹலா’ என்பர். அல்லாஹ் நாடவேண்டும் என்னும் கருத்துடைய அரபுத் தொடரிலிருந்து வந்த சொல் அது. கட்டடங்கள் கைமாறிய பின்னும் மக்கள் நாவில் தங்கிவிட்ட அச்சொல்லையே நான் ஊருக்குக் கொண்டுவந்தேன். நம் பிள்ளைகளும் சிறு சேமிப்போடு நல்ல நண்பர்களுடன் ஒருநாள் அம்மண்ணைக் காண வேண்டும். ஓஹலா! இன்ஷா அல்லாஹ்.