ரீமேப் செய்த டர்போ காருக்கு வாரண்டி ஏன் மறுக்கப்படுகிறது?

சித்தூர் வட்டாரத்தில் வெல்லம் காய்ச்சும் அடுப்பில் காற்றோட்டம் கூடினால், கரும்புச் சக்கை வேகமாக எரிந்து பாகு விரைவில் திரளும். மிஞ்சினால் கொப்பரையின் அடி தீய்ந்துவிடும். டர்போ காரின் கதையும் ஏறத்தாழ அதுதான்.

வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ என்னும் சிறு விசிறி, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிப்பதால், 2019இல் வந்த ஹூண்டாய் வென்யூவின் 998 சிசி எஞ்சின்கூட 120 பிஎஸ் திறன் தருகிறது.

எவ்வளவு அழுத்தம், எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்பதை இசியு என்னும் கணினி முடிவுசெய்கிறது. கோடை வெயிலுக்கும் தரம் குறைந்த பெட்ரோலுக்கும் ஈடுகொடுக்க நிறுவனம் அதில் விட்டுவைத்த இடைவெளியைத்தான், கணக்கைத் திருத்தி எழுதும் ரீமேப் செலவழிக்கிறது. கங்காதர நெல்லூரிலிருந்து ஐந்து பேரோடு கிளம்பி, ஏசியும் போட்டுத் திருமலை மலைப்பாதை ஏறும்போது, சுடர் வந்து சேருமுன்பே பெட்ரோல் தானாகப் பற்றி, பிஸ்டன் தலையில் சுத்தியலால் தட்டுவதுபோல ‘டக் டக்’ என ஒலிக்கலாம், இதுவே நாக்கிங்.

இப்படி வரும் பழுதுக்கு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கிறது. பழைய நிரலையே மீண்டும் ஏற்றிவிட்டால் நிறுவனத்துக்குத் தெரியாது என்கிறீர்களா? எத்தனை முறை எழுதப்பட்டது என்பதைப் பல இசியுக்கள் குறித்துவைக்கின்றன. ஆகவே எஞ்சின், டர்போ, கிளட்ச் பழுதுகளுக்கு வாரண்டி கிடைப்பது அரிது. பவர் விண்டோ பழுதையும் ரீமேப்போடு முடிச்சுப்போட்டால் மட்டும் வாதாட இடமுண்டு.