வேலனும் தோழியும்

அச்சம் மனிதர் விலக்க விழையும் ஓர் உணர்ச்சி. ஆயினும் அது கதையாக வருமிடத்து எல்லோரும் அதனை விரும்பித் தேடுகின்றனர். தொல்காப்பியனார் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக எண்ணி, அஃது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினாற் பிறக்குமென வகுத்தார். அவற்றுள் அணங்கு முதற்கண் நிற்றல் நோக்கத்தக்கது. விலங்கும் கள்வரும் கண்ணுக்குப் புலனாவர். புலனாகாத ஒன்றால் நேரும் அச்சம் அவற்றினும் பெரிது. அவ்வச்சம் இளம்பெண்கள் கூடி உறையும் இடங்களைச் சிறப்பாக நாடி வருவது ஏன் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆங்கில நாட்டிற் பள்ளி விடுதியையும் மந்திரத்தையும் இணைத்துக் கூறும் கதைகள் பல. ஜில் மர்பி என்னும் அம்மையார் 1974-ஆம் ஆண்டிற் சிறுவர்க்கென வெளியிட்ட 'தி வொர்ஸ்ட் விட்ச்' என்னும் கதை, சூனியம் பயிலும் சிறுமியர் பள்ளியொன்றைக் காட்டுவது. 1997 முதல் வெளிவந்த ஹாரி பாட்டர் கதைகளை நம் மாணவர் பலர் படித்துளர். வளர்ந்தோர்க்கென எடுக்கப்பெற்றது 'ஹெக்ஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடர். 2004, 2005-ஆம் ஆண்டுகளில் ஸ்கை ஒன் நிலையத்தார் அதனை ஒளிபரப்பினர். பழைய மாளிகையொன்றில் நடைபெறும் மெடன்ஹாம் ஹால் என்னும் கற்பனைப் பள்ளியே அக்கதையின் களம். காஸி என்னும் மாணவி தன்னிடத்து மந்திர ஆற்றல் உறைவதை உணர்கின்றாள். அஸாஸியேல் என்னும் வீழ்ந்த தேவதூதன் அவளைத் தன்வயப்படுத்த வருகின்றான். அவளுடைய அறைத்தோழி தெல்மா அவனாற் கொலையுண்டும், ஆவியாய் மீண்டு காஸியின் பக்கத்தே நிற்கின்றாள்.

வேதாகமம் பயில்வோர்க்கு அத்தூதன் பெயர் புதிதன்று. லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் இரண்டு ஆட்டுக்கடாக்களைப் பற்றிய கட்டளை உளது. சீட்டுப் போட்டு ஒன்றனைக் கர்த்தருக்குப் பலியிடுவர். மற்றொன்றன் தலைமேல் மக்களின் அக்கிரமங்களையெல்லாம் சுமத்தி வனாந்தரத்திற்கு ஓட்டிவிடுவர். எபிரெய மூலத்தில் அவ்விரண்டாம் கடா அஸாஸேலுக்குரியதெனப் பெயர் பெறும். தமிழ் வேதாகமம் அதனைப் போக்காடு என்று வழங்கும். இவ்வாட்டினை அன்பர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். மேலே கூறப்போகும் செய்திகளில் அது மீண்டும் எதிர்ப்படும்.

இனி, இத்தகைய கதைக்கு விடுதி களமாவது ஏன்? விடுதியில் வாழும் பெண் தாயினின்றும் பிரிந்தவள். அவள் உண்பதும் உறங்குவதும் மணியோசைக்குக் கட்டுப்பட்டவை. அவள் உடலும் உள்ளமும் பெருமாற்றம் எய்தும் பருவம் அது. தனக்கு நேர்வதை எவரிடம் எச்சொற்களாற் கூறுவதென அவள் அறியாள். கூறப்படாத துயரம் உருமாறி வெளிப்படும். அதனையே கதை ஆவி என்றும் மந்திரம் என்றும் பெயரிட்டு நடமாட விடுகின்றது.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பதற்குச் சங்க அகப்பாடல்களே சான்று. களவொழுக்கத்தில் தலைவனைப் பிரிந்த தலைவி மெலிகின்றாள். உணவில் விருப்பங் குன்றுகின்றது. மேனி பசலை பூக்கின்றது. தாய் அஞ்சுகின்றாள், கட்டுவிச்சியைக் கொண்டு முறத்தில் நெல்லிட்டுக் குறி பார்க்கின்றாள், முருகன் அணங்கினான் என்று முடிவாகின்றது. உடனே வேலன் அழைக்கப்படுகின்றான். மணல் பரப்பிய களத்தில் அவன் வெறியாடுகின்றான், கழங்கிட்டுப் பார்க்கின்றான், ஆட்டு மறி ஒன்று அறுக்கப்படுகின்றது. தலைவியின் நோயோ தணிந்தபாடில்லை. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியிற் கபிலர் பாடிய 'வெறிப்பத்து' முழுவதும் இதனையே பொருளாகக் கொண்டது. நற்றிணைப் பாட்டொன்றில், நோய்க்குக் காரணம் தானல்லன் என்றறிந்தும் வெறிக்களத்திற்கு வந்த முருகனையே தோழி அறியாமை உடையவனென இடித்துரைக்கின்றாள்.

இக்காட்சியில் இருவரை ஒப்பிட்டுக் காண்க. வேலன் பெண்ணின் மெலிவைக் கண்டான். அவளை ஒரு சொல்லேனும் வினவினானல்லன். தோழி அவளோடு உடனுறைபவள். நடந்தது இன்னதென்று அறிந்தவள். தக்க காலத்தில் அவள் செவிலியிடம் உண்மையை எடுத்துரைக்கின்றாள். இலக்கணமுடையார் இச்செயலுக்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயரிட்டனர். தோழியொருத்தியின் உண்மையுரையை அறமென்றே மதித்த மரபு நம்முடையது.

இக்காலத் தமிழ்த் தொலைக்காட்சியும் இப்பொருளைத் தொட்டுள்ளது. எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, இயக்குநர் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்தார் அளித்த 'மர்மதேசம்' தொடர்கள் 1990-களில் வீடுதோறும் மக்களை இருத்தி வைத்தன. அவற்றுட் புகழ் மிக்கது 'விடாது கருப்பு'. ஊரிற் குற்றம் செய்தோரைக் கருப்பண்ணசாமி குதிரையேறி வந்து தண்டிப்பதாக மக்கள் நடுங்குகின்றனர். கதையின் முடிவில், இளமையில் ஒருவன் உள்ளத்தில் ஏற்பட்ட புண்ணே பிளவுபட்டு வேறொருவனாய் எழுந்து நடமாடியதென்பது விளங்குகின்றது. அச்சச் சுவையை இறுதிவரை குன்றாது நல்கிய ஆசிரியர், அதன் வேர் மனத்தில் இருப்பதையும் காட்டிவிட்டார். அவர் 2024-ஆம் ஆண்டிற் காலமானார்.

கதையை விடுத்து வரலாற்றை நோக்குவாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்திற் சேலம் என்றோர் ஊர் உளது. பெயர் ஒன்றாயினும் நம் மாங்கனிச் சேலம் அன்று. 1692-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வூர்ப் போதகர் சாமுவேல் பாரிஸ் இல்லத்தில், ஒன்பது வயதுடைய அவர் மகளும் பதினொரு வயதுடைய உறவினப் பெண்ணும் உடல் முறுக்கி அலறத் தொடங்கினர். யார் உங்களை வருத்துவது என்று பெரியோர் மீண்டும் மீண்டும் கேட்டனர். அவ்வினாவே ஒரு பெயரை வேண்டி நிற்பது. சிறுமியரும் பெயர் கூறினர். பத்தொன்பதின்மர் தூக்கிலிடப்பட்டனர், ஒரு முதியவர் கல்லேற்றி நெருக்கப்பட்டு இறந்தார். ஓரூரின் அச்சத்தையும் பகையையும் இவர்கள் தலைமேற் சுமத்தியாயிற்று. ஈண்டுப் போக்காடு மனிதரே.

பிறிதொரு செய்தி நமக்கு இன்னும் அண்மையது. அஃது ஆலைத் தொழிலைப் பற்றியது. மலேசியாவிற் சிலாங்கூரைச் சார்ந்த சுங்கை வே என்னுமிடத்தில் அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலையொன்று இருந்தது. சிற்றூர்களினின்றும் வந்த மலாய் இளம்பெண்கள் நாள் முழுவதும் நுண்பெருக்கியில் கண் பதித்து நுண்ணிய உறுப்புகளைப் பொருத்துவர். 1975-ஆம் ஆண்டில் நாற்பது பெண்களைப் பேய் பிடித்ததாகக் கூச்சல் எழுந்தது. 1978-ஆம் ஆண்டில் மீண்டும் அவ்வாறே நிகழ, நூற்றிருபது பெண்கள் அதற்குட்பட்டனர். ஆலை மூன்று நாள் மூடப்பட்டது. நிருவாகத்தார் போமோ எனப்படும் மந்திரவாதியை அழைத்து, ஆலை வளாகத்திலேயே ஓர் ஆட்டை அறுப்பித்தனர். அவ்வட்டாரத்திலே தங்கி ஆராய்ந்த ஐவா ஓங் என்னும் மானிடவியலறிஞர் 1987-இல் தாம் வெளியிட்ட நூலில், ஓய்வின்மை, கண்காணிப்பு, வீட்டை நீங்கிய கலக்கம் ஆகியவற்றை வாய்விட்டுச் சொல்ல வழியற்ற பெண்களின் எதிர்ப்பே இவ்வாறு வெளிப்பட்டதென விளக்கினார். ஈராயிரம் ஆண்டுகட்குமுன் வெறிக்களத்தில் அறுபட்ட மறியும், 1978-இல் மின்னணு ஆலையில் அறுபட்ட ஆடும் ஒரே காரணத்தால் உயிர் நீத்தவை: பெண்ணை வினவ ஒருவரும் இலர்.

இத்தகைய பெண்கள் நடிக்கின்றனர் என்று எண்ணுதல் தவறு. உள்ளத்தின் பளு மிகுந்தவிடத்து, உடல் நடுங்குதலும் கைகால் செயலறுதலும் நினைவு மயங்குதலும் உண்மையாகவே நேர்வன என மருத்துவர் கூறுவர். ஒரே அறையில் ஒரே இடரில் வாழ்வோரிடை ஒருத்தியைக் கண்டு மற்றொருத்திக்கும் அது பரவும். சிலரிடத்துக் காக்கை வலிப்பு முதலிய பிணிகளும் பேயென்று பிழைபடக் கொள்ளப்படுகின்றன, இவற்றுக்கு மருந்துண்டு. பிழையான முடிவின் விலையைத் தமிழ்நாடு ஒருமுறை மிகக் கொடிதாகச் செலுத்தியது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயுற்றோர் தங்கியிருந்த கொட்டகையொன்றில் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாது இருபத்தெண்மர் மாண்டனர்.

பெண்ணையே சூனியக்காரி என்று துன்புறுத்தும் கொடுமையும் நம் நாட்டில் இன்னும் ஒழிந்திலது. பீகார் 1999-ஆம் ஆண்டிலும், ஜார்க்கண்ட் 2001-ஆம் ஆண்டிலும், ஒடிசா 2013-ஆம் ஆண்டிலும் இதனைத் தடுக்கச் சட்டம் கொணர வேண்டியதாயிற்று. ஜார்க்கண்டிற் சூனியக்காரியெனப் பழிக்கப்பட்டு ஊரினின்றும் துரத்தப்பட்ட சுட்னி மகதோ என்னும் அம்மையார், தம்மைப் போன்ற பெண்களைக் காக்கும் பணியைத் தம் வாழ்நாட் கடமையாக மேற்கொண்டார். 2021-ஆம் ஆண்டில் அரசினர் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தனர். அம்மாநிலங்களிற் பிறந்த பெண்கள் பலர் இன்று நம் திருப்பூரிலே பனியன் கம்பெனிகளில் தைத்தும் செக்கிங் பார்த்தும் மடித்தும் அடுக்கியும் பிழைக்கின்றனர்.

ஆதலின் விடுதி என்பது நமக்குத் தொலைக்காட்சியில் வரும் மாளிகையன்று. திருப்பூரையும் கோவையையும் ஈரோட்டையும் திண்டுக்கல்லையும் சூழ்ந்துள்ள நூற்பாலைகளின் மதிலுக்குள் பெண்கள் விடுதிகள் பல உள. மூன்றாண்டு உழைத்தால் முடிவில் திருமணத்திற்கு ஒரு தொகை என்று கூறி, தென்மாவட்டச் சிற்றூர்களினின்றும் சிறுமியரை அழைத்து வந்த ஏற்பாடு சுமங்கலித் திட்டம் என்ற பெயரால் அறியப்பட்டது. வெளியே செல்லத் தடையும், பெற்றோரோடு பேசக் கட்டுப்பாடும், ஓய்வற்ற ஷிப்டுகளும் பற்றிய முறையீடுகள் நாட்டின் எல்லை கடந்தும் பேசப்பட்டன. 2014-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசினர் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றினர்; அதன்படி இத்தகைய விடுதிகள் உரிமம் பெற்றே நடத்தப்படல் வேண்டும். சட்டம் கதவையும் விளக்கையும் காவலையும் உறுதி செய்யும். இரவில் விழித்தழும் பெண்ணிடம் ஏன் அழுகின்றாயென்று கேட்டல் சட்டத்தால் ஆகாது. அது பக்கத்துப் பாயிற் படுத்திருப்பவளால் ஆவது.

கல்லூரி விடுதியும் இதற்கு விலக்கன்று. அங்கும் பேய் உலவும் அறையென்றும் நள்ளிரவிற் கேட்கும் கொலுசொலியென்றும் கதைகள் வழங்கும். அக்கதைகளைக் கூறிச் சிரித்தலும் அஞ்சுதலும் இளமைக்கு இயல்பே. அவற்றைத் தடுப்பதாற் பயனில்லை. 'ஹெக்ஸ்' போன்ற தொடரைக் காண்பதாலும் கேடு விளையாது. ஆயினும் கதையிலன்றி மெய்யாகவே ஒரு மாணவி உணவொழித்து, பேச்சொழித்து, ஒடுங்கி அமருங்கால், அவளைப் பற்றி முணுமுணுத்தல் வேலன் செயல்; அவள் அருகிற் சென்று அமர்தல் தோழி செயல். அவள் கூறுவதை இடைமறியாது கேட்டல் வேண்டும். தன்னால் தாங்கவொண்ணாத செய்தியாயின், அவளையும் உடனழைத்துக்கொண்டு நம்பத்தக்க ஆசிரியையிடமோ மருத்துவரிடமோ செல்லல் வேண்டும். உள்ளம் தளர்ந்தோர்க்கென அரசினர் 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு 14416 என்னும் எண்ணிற் கட்டணமின்றிப் பேசலாம்.

இதில் மாணவர் ஆற்றக்கூடியது சிறிதன்று என்பதற்குச் சேலத்தின் பிற்கதை ஒன்றே சாலும். அவ்வழக்கில் மரணத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் உயிர் தப்பிய எலிசபெத் ஜான்சன் என்னும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் பெயர், ஏனையோரெல்லாம் குற்றமற்றவரென அறிவிக்கப்பட்ட பின்னும் விடுபட்டு நின்றது. அவளுக்காகப் பரிந்துபேச வழித்தோன்றலும் இலர். நார்த் ஆண்டோவர் என்னும் ஊரிலுள்ள நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணாக்கர் இதனைக் கண்டறிந்து, ஆசிரியை துணைநிற்க, சட்டமன்றத்தார்க்கு விடாது எழுதினர். 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மாசசூசெட்ஸ் அரசு அவளைக் குற்றமற்றவளென அறிவித்தது. முந்நூற்றிருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் அவளுக்காக அறத்தொடு நின்றனர். நம் விடுதிகளில் அறத்தொடு நிற்க அத்துணைக் காலம் கடத்தல் வேண்டா. இன்றிரவே அதற்கு ஏற்ற பொழுதாகலாம்.