அம்மோனியா அளவு மட்டும் போதாது… மாலை நேர பி.ஹெச்-ஐயும் பாருங்க!

'காலையில் கிட் வைத்துப் பார்த்தேன். அம்மோனியா 1 பி.பி.எம்தான் இருந்தது. மாலையில் மீன்கள் தீவனம் எடுக்காமல் சோர்ந்து நிற்கின்றன. ஏன்?' பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, ஜிலேபி வளர்ப்பவர்களுக்கு வரும் சந்தேகம் இது. காரணம் புரியாமல் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினால், மறுநாள் மொத்த மீனும் மிதக்கக்கூடும்.

ஒரே பெயர், இரண்டு வடிவம்

தீவனத்தில் உள்ள புரதத்தின் கழிவு, மீனின் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. மிஞ்சிய தவிடும் பிண்ணாக்கும் அடியில் அழுகும்போதும் இது உருவாகும். தண்ணீரில் இது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அம்மோனியம். இது செவுளுக்குள் எளிதில் நுழையாது. மற்றொன்று அம்மோனியா வாயு. இது செவுள் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். விஷம் இதுதான்.

இரண்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். எது அதிகம் இருக்கும் என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது பி.ஹெச். அது ஒரு புள்ளி கூடினால், அம்மோனியத்தோடு ஒப்பிடும்போது விஷ வடிவம் 10 மடங்காகும். தண்ணீரின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, மொத்த அம்மோனியாவில் விஷ வடிவத்தின் பங்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

பி.ஹெச் 7 – 0.8 சதவிகிதம்
பி.ஹெச் 7.5 – 2.5 சதவிகிதம்
பி.ஹெச் 8 – 7.5 சதவிகிதம்
பி.ஹெச் 8.5 – 20 சதவிகிதம்
பி.ஹெச் 9 – 45 சதவிகிதம்

கணக்குப் போடுவது எப்படி?

பெரும்பாலான கிட்கள் இரண்டு வடிவங்களையும் சேர்த்துத்தான் காட்டும். கிட் காட்டும் அளவை மேலே உள்ள சதவிகிதத்தால் பெருக்கி, 100-ஆல் வகுக்க வேண்டும். காலையில் பி.ஹெச் 7.5 என்றால், 1 பி.பி.எம்மில் விஷ வடிவம் 0.025 மட்டுமே. பகலில் பாசி வெயிலில் வளரும்போது, தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. அதனால் பச்சைப்பசேல் என்ற குட்டையில் மாலை 3, 4 மணிக்கு பி.ஹெச் 9-ஐத் தொடலாம். அப்போது அதே 1 பி.பி.எம்மில் விஷம் 0.45. அதாவது, 18 மடங்கு! விஷ வடிவம் 0.05-ஐத் தாண்டினாலே செவுள் பாதிக்கத் தொடங்கும்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறைதான். மாலையில் சோர்ந்து நின்றால், அம்மோனியாவைச் சந்தேகிக்க வேண்டும்.

உடனே செய்ய வேண்டியவை

* தீவனத்தை 2, 3 நாள்களுக்கு நிறுத்த வேண்டும். சாணம், கோழி எரு, யூரியா எதையும் போடக் கூடாது.
* அடித்தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றி, புதுத்தண்ணீர் விட வேண்டும். போர்வெல் தண்ணீரை உயரத்திலிருந்து விழவிட்டால் ஆக்சிஜனும் சேரும்.
* சுட்ட சுண்ணாம்பு, நீற்றிய சுண்ணாம்பு இரண்டையும் தொடவே கூடாது. பி.ஹெச் 8-லிருந்து 9-க்கு ஏறினால், விஷத்தின் பங்கு 7.5 சதவிகிதத்திலிருந்து 45 சதவிகிதமாகிவிடும்.

முன்கூட்டியே தடுக்க…

குஞ்சு விடுவதற்கு முன்பே தண்ணீரின் மொத்த காரத்தன்மையைப் பரிசோதிக்க வேண்டும். 50 முதல் 150 பி.பி.எம் வரை இருந்தால் நல்லது. 50-க்குக் கீழ் இருந்தால் சுண்ணாம்புக்கல் தூளைப் போடலாம். இது சுட்ட சுண்ணாம்பைப்போல பி.ஹெச்-ஐ ஒரேயடியாக ஏற்றாது. பகல், இரவு ஏற்ற இறக்கத்தையும் குறைக்கும். ஏற்கெனவே காரத்தன்மை அதிகமுள்ள தண்ணீருக்கு இது தேவையில்லை.

மீன் இருப்பில் இருக்கும் வரை, வாரம் ஒருமுறையாவது காலையில் ஒரு தடவை, மாலை 3 மணிக்கு மேல் ஒரு தடவை பி.ஹெச் பார்த்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மாலை அளவு 8.5-ஐத் தாண்டினால் அன்றே தீவனத்தைக் குறைத்துவிட்டு, அம்மோனியாவைப் பரிசோதிப்பது அவசியம்.