ஐந்தாம் வேற்றுமைப் பொருள்களும் ஆவர்த்தனப் பண்பு வினாக்களும்: பத்தாம் வகுப்பு வேதியியல் தேர்வுத் தயாரிப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்வழியில் பயிலும் பத்தாம் வகுப்பு மாணவர், அணு அமைப்பு, தனிமங்களின் ஆவர்த்தனப் பண்புகள் ஆகிய பகுதிகளில் விதிகளை மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஆயின் ‘காரணம் கூறுக’ என்னும் வினாவிற்கு அவ்விதிகளையே விடையாகத் திருப்பி எழுதும் நிலை காணப்படுகின்றது. இடத்தைச் சுட்டுவதும் காரணத்தைச் சுட்டுவதும் வேறு என்பதை உணராமையே இதற்கு அடிப்படை. நீங்கல், ஒப்பு முதலாக இலக்கண நூலார் வகுத்த ஐந்தாம் வேற்றுமைப் பொருள்கள் நான்கும் இவ்வேறுபாட்டை உணர்த்தும் கருவியாகப் பயன்படும் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. இசைக்கும் இலக்கணக் கல்விக்கும் பெயர்பெற்ற திருவையாற்றின் மரபு இவ்விளக்கத்திற்குப் பின்புலமாக அமைகின்றது.

திறவுச்சொற்கள்: ஆவர்த்தனம், அயனியாக்கும் ஆற்றல், ஐந்தாம் வேற்றுமை, ஏதுப்பொருள், தமிழ்வழி அறிவியல் கல்வி, திருவையாறு.

முன்னுரை

தமிழில் வேதியியல் எழுதும் முயற்சி ஒன்றரை நூற்றாண்டு பழமையுடையது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் ‘கெமிஸ்தம்’ என்னும் நூலை 1875இல் வெளியிட்டார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் அமைத்துச் செயல்பட்டனர். 1981இல் தஞ்சாவூரில் தொடங்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியல் களஞ்சியத் தொகுதிகளை வெளியிட்டது. இம்முயற்சிகளின் பயனாகக் கலைச்சொற்கள் இன்று போதிய அளவில் உள்ளன. ஆயினும் கலைச்சொல்லை அறிந்த மாணவர், அச்சொல்லைக் கொண்டு காரண காரியத் தொடர் அமைக்க அறிந்துள்ளனரா என்பது தனியே ஆராயத்தக்கது. தேர்வில் மதிப்பெண் கிடைப்பதும் இழப்பதும் பெரும்பாலும் இவ்விடத்திலேயே ஆகும்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்வில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண்களும் செய்முறைக்கு 25 மதிப்பெண்களும் உரியன. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 12 மட்டுமே. எஞ்சிய 63 மதிப்பெண்களும் மாணவர் தம் சொந்தத் தொடர்களில் எழுதும் விடைகளுக்கே வழங்கப்படுகின்றன. எனவே வேதியியல் தேர்வுக்கான தயாரிப்பு ஒருவகையில் உரைநடைப் பயிற்சியும் ஆகும். தமிழாசிரியருக்கும் இதில் பங்கு உண்டு.

ஆவர்த்தனம்: இசையும் தனிமங்களும்

தியாகராசர் (1767–1847) வாழ்ந்து மறைந்த திருவையாற்றில், காவிரிக்கரையிலுள்ள அவரது சமாதியில் ஆண்டுதோறும் ஆராதனை நிகழ்கின்றது. இவ்வூர்ப் பகுதியில் வளரும் மாணவர்க்கு ‘ஆவர்த்தனம்’ என்பது வேதியியல் நூலில் முதன்முதலாகக் காணும் சொல்லாக இருக்க வேண்டியதில்லை. தாளம் ஒருமுறை முழுமையாகச் சுற்றி முடிவதே இசையில் ஆவர்த்தனம் எனப்படும். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு எண்ணிக்கை உடையது. எட்டு முடிந்தவுடன் தாளம் தொடங்கிய இடத்திற்கே மீளும்.

தனிமங்களின் பண்புகளும் இவ்வாறே மீள வருகின்றன. லித்தியத்தின் பண்பை ஒத்த பண்பு சோடியத்திலும், பின்னர்ப் பொட்டாசியத்திலும் தோன்றுகின்றது. ஆங்கிலேய வேதியியலார் நியூலாந்து 1865இல் இம்மீள்வை மேலைநாட்டு இசையின் எட்டாம் சுரத்தோடு ஒப்பிட்டு எண்ம விதியை வகுத்தார். நம் வகுப்பறைகளில் இதனைச் ‘சரிகமபதநி’ கொண்டு விளக்குவது வழக்கம். கீழ்ச் சட்ஜமும் மேல் சட்ஜமும் ஒரே சுரமாயினும் நிலை வேறுபடுவதுபோல, ஒரே தொகுதித் தனிமங்கள் பண்பில் ஒத்து அளவில் வேறுபடுகின்றன.

எனினும் இவ்வுவமைக்கு எல்லை உண்டு. எண்ம விதி கால்சியம் வரையிலேயே பொருந்தியது. ஆர்கான் முதலிய மந்த வாயுக்கள் கண்டறியப்பட்டபின் எட்டாம் தனிமத்திற்கு மாறாக ஒன்பதாம் தனிமமே முதலாவதை ஒத்தது. மேலும் தாளத்தின் ஆவர்த்தனம் அளவு மாறாதது. தனிமங்களின் தொடர்களோ 2, 8, 8, 18, 18, 32, 32 என நீளம் மாறுவன. இவற்றினும் முதன்மையான குறை, மீள்வு உண்டு என்று கூறும் உவமை அது ஏன் நிகழ்கின்றது என்று கூறாமையே ஆகும்.

அணு எண்ணே அடிப்படை

மெண்டலீவ் 1869இல் தனிமங்களை அணு நிறையின் அடிப்படையில் வரிசைப்படுத்தினார். கண்டறியப்படாத தனிமங்களுக்கு இடம் விட்டு, அவற்றிற்கு ‘ஏக’ என்னும் வடமொழி எண்ணுப்பெயரை முன்னொட்டாகச் சேர்த்துப் பெயரிட்டார். ஏக-அலுமினியம் 1875இல் காலியமாகவும், ஏக-சிலிக்கான் 1886இல் ஜெர்மானியமாகவும் கண்டறியப்பட்டன. எனினும் அணு நிறை 127.6 உடைய டெலூரியத்தை 126.9 உடைய அயோடினுக்கு முன்னர் வைக்க நேர்ந்ததன் காரணத்தை அவரால் விளக்க இயலவில்லை.

1911இல் ரூதர்ஃபோர்டு அணுக்கருவை நிறுவினார். 1913இல் மோஸ்லி, எக்ஸ்-கதிர் ஆய்வின் வாயிலாக, தனிமத்தின் இடத்தை முடிவு செய்வது அணு நிறை அன்று, அணு எண்ணே என்று காட்டினார். டெலூரியத்தின் அணு எண் 52. அயோடினின் அணு எண் 53. சிக்கல் தீர்ந்தது. அணு அமைப்புப் பாடத்தையும் ஆவர்த்தனப் பாடத்தையும் இணைக்கும் கண்ணி இதுவே. அணு எண் கூடும்போது எலக்ட்ரான்கள் கூடுகளில் நிரம்புகின்றன. வெளிக்கூட்டின் அமைப்பு மீள வரும்போது பண்பும் மீள வருகின்றது.

ஆகவே எந்தப் பண்புப் போக்கிற்கும் மூன்று காரணிகளை மாணவர் கருத வேண்டும்: அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை, எலக்ட்ரான் கூடுகளின் எண்ணிக்கை, அணுக்கருவின் ஈர்ப்பை வெளிக்கூட்டிற்கு முழுமையாக எட்டவிடாமல் மறைக்கும் உட்கூட்டு எலக்ட்ரான்கள். அயனிகளை ஒப்பிடும்போது எலக்ட்ரான்களுக்கு இடையேயான விலக்கத்தையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

எல்லையும் ஏதுவும்

‘சோடியத்தை விட மக்னீசியத்தின் அயனியாக்கும் ஆற்றல் அதிகம், காரணம் கூறுக’ என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். ‘தொடரில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது அயனியாக்கும் ஆற்றல் அதிகரிப்பதால்’ என்பது எளிதில் எழுதப்படும் விடை. இத்தொடர் ‘ஆல்’ உருபு பெற்று முடிவதால் காரணம்போல் தோன்றும். உண்மையில் இது பொதுவிதியைத் திருப்பிக் கூறுவதேயன்றி வேறன்று.

ஐந்தாம் வேற்றுமைக்கு ஏது, எல்லை, ஒப்பு, நீங்கல் என நான்கு பொருள்கள் உண்டென்பது நன்னூல் பயின்றோர் அறிந்ததே. ‘தஞ்சாவூரின் வடக்கே திருவையாறு’ என்பதில் உருபு எல்லைப்பொருளில் நின்று ஓரிடத்தைக் கொண்டு மற்றோரிடத்தை அறியச் செய்கின்றது. தஞ்சாவூர் இருப்பதனால் திருவையாறு வடக்கே அமைந்தது என்று எவரும் பொருள்கொள்ளார். ‘சோடியத்தின் வலப்புறம் மக்னீசியம்’ என்பதும் அத்தகையதே. அஃது எல்லை, ஏது அன்று. அட்டவணையில் வலப்புறம் இருத்தல் மக்னீசியத்தின் முகவரி மட்டுமே. அதன் அயனியாக்கும் ஆற்றலுக்குக் காரணம் அணுவின் உள்ளே உள்ளது.

இந்நான்கு பொருள்களும் நிரம்பிய விடையே முழுமையான விடை எனலாம்:

எல்லை: மக்னீசியம், மூன்றாம் தொடரில் சோடியத்திற்கு அடுத்து வலப்புறம் உள்ளது. இரண்டிற்கும் எலக்ட்ரான் கூடுகள் மூன்று.

ஏது: சோடியத்தின் அணுக்கருவில் 11 புரோட்டான்களும் மக்னீசியத்தில் 12 புரோட்டான்களும் உள்ளன. மறைக்கும் உட்கூட்டு எலக்ட்ரான்கள் இரண்டிலும் 10. ஆதலால் மக்னீசியத்தின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் அணுக்கருவால் வலுவாக ஈர்க்கப்படுகின்றன.

நீங்கல்: எனவே மக்னீசிய அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்க மிகுந்த ஆற்றல் தேவைப்படுகின்றது.

ஒப்பு: மக்னீசியத்தின் அயனியாக்கும் ஆற்றல் (738 கிலோஜூல்/மோல்) சோடியத்தினதை (496 கிலோஜூல்/மோல்) விட அதிகம்.

இக்கால எழுத்து வழக்கில் ‘இலிருந்து’, ‘விட’, ‘காட்டிலும்’ ஆகியன பழைய உருபுகளின் இடத்தைப் பெற்றுள்ளன. ஏதுப்பொருள் பெரும்பாலும் மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ உருபாலேயே உணர்த்தப்படுகின்றது. உருபுகள் மாறினும் பொருள் வேறுபாடு மாறுவதில்லை. இங்குக் கருதத்தக்கது அப்பொருள் வேறுபாடே.

கூற்று – காரணம் வகை வினாக்களில் இதன் பயன் தெளிவாகப் புலப்படும். கூற்று: மக்னீசியத்தின் அயனியாக்கும் ஆற்றல் சோடியத்தை விட அதிகம். காரணம்: மக்னீசியம் தொடரில் சோடியத்தின் வலப்புறம் உள்ளது. இரண்டும் உண்மை, ஆயின் பின்னது முன்னதை விளக்கவில்லை. எல்லையை ஏதுவாகக் கொள்ளும் மாணவர் இத்தகைய வினாவில் தவறான விடையைத் தேர்ந்தெடுப்பர்.

விதி தவறுமிடம்

எல்லையை மட்டும் நம்புவதன் இடர், விதிவிலக்குகளில் வெளிப்படும். மக்னீசியத்தின் வலப்புறம் உள்ள அலுமினியத்தின் அயனியாக்கும் ஆற்றல் 578 மட்டுமே. வலப்புறம் செல்ல அதிகரிக்கும் என்று மட்டும் கற்றவர்க்கு இது முரணாகத் தோன்றும். அலுமினியத்திலிருந்து நீங்கும் எலக்ட்ரான் அதே கூட்டில் ஆற்றல் மிகுந்த வேறு துணைக்கூட்டில் உள்ளது. ஆகவே எளிதில் நீங்குகின்றது. துணைக்கூடுகள் மேல்நிலை வகுப்பில் விரிவாகக் கற்பிக்கப்படுவன. எனினும் ஏதுவை வினவும் பழக்கம் பத்தாம் வகுப்பிலேயே அமைந்தால், பதினொன்றாம் வகுப்பில் விதிவிலக்குகள் புதிய சுமையாகத் தோன்றா.

தொகுதியிலும் இவ்வாறே காணலாம். சோடியத்தில் 11ஆக இருந்த புரோட்டான்கள் பொட்டாசியத்தில் 19ஆக உயர்கின்றன. புரோட்டான்களை மட்டும் கருதினால் அயனியாக்கும் ஆற்றல் கூடவேண்டும். ஆயின் 496இலிருந்து 419ஆகக் குறைகின்றது. கூடுகள் மூன்றிலிருந்து நான்காகின்றன; உட்கூட்டு எலக்ட்ரான்கள் 10இலிருந்து 18ஆகின்றன. தொலைவும் மறைப்பும் புரோட்டான்களின் உயர்வை விஞ்சுகின்றன. சோடியம் அயனி, சோடியம் அணுவை விடச் சிறியது. ஏனெனில் ஒரு கூடே நீங்கிவிட்டது. குளோரைடு அயனி, குளோரின் அணுவை விடப் பெரியது. 17 புரோட்டான்கள் 18 எலக்ட்ரான்களை ஈர்க்க, எலக்ட்ரான்களிடையே விலக்கம் கூடுகின்றது.

ஒத்த கலைச்சொற்கள்

தமிழகப் பாடநூல் வழக்கில் ‘எலக்ட்ரான் நாட்டம்’, ‘எலக்ட்ரான் கவர்தன்மை’ ஆகிய இரண்டும் அன்றாடப் பொருளில் நெருங்கியவை. ஆதலால் மயக்கம் தருவன. முன்னது, தனித்த வாயுநிலை அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல். பின்னது, பிணைப்பிலுள்ள அணு, பங்கிடப்பட்ட எலக்ட்ரான் இணையைத் தன்பால் ஈர்க்கும் திறன். முதலாவதில் குளோரின் (349 கிலோஜூல்/மோல்) ஃபுளூரினை (328) விஞ்சுகின்றது, இரண்டாவதில் பாலிங் அளவுகோலில் ஃபுளூரினே (3.98) முதலிடம் பெறுகின்றது. இரண்டும் ஒன்றாயின் இவ்வேறுபாடு நிகழாது. இவ்வோர் எடுத்துக்காட்டை நினைவிற்கொள்வது இரு வரையறைகளையும் பிரித்தறியப் போதுமானது.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் எலக்ட்ரானை ‘இலத்திரன்’ என்றும், கவர்தன்மையை ‘மின்னெதிர்த்தன்மை’ என்றும், தொகுதியைக் ‘கூட்டம்’ என்றும் வழங்குகின்றன. தமிழகத்தில் ‘தொடர்’ எனப்படுவது அங்கு ‘ஆவர்த்தனம்’ என்றே வழங்குகின்றது. மீள்வு என்னும் பொருள் அச்சொல்லிலேயே தங்கியிருப்பதால், தமிழக ஆசிரியரும் ‘தொடர்’ என்பதைக் கற்பிக்கும்போது அதனை எடுத்துக்காட்டுதல் நலம். எனினும் தேர்வு விடையில் தத்தம் பாடநூல் வழக்கையே மாணவர் கையாளுதல் வேண்டும்.

தயாரிப்பு முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் பின்வரும் பயிற்சியை வகுக்கலாம். முதலில், முதல் 20 தனிமங்களின் எலக்ட்ரான் அமைப்பை நூலைப் பாராது எழுதிப் பழகுதல். அடுத்து, அவற்றை எட்டுத் தொகுதிகளாக வரைந்து வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் மீள்வதைக் குறித்தல். பின்னர், அணு ஆரம், அயனியாக்கும் ஆற்றல், எலக்ட்ரான் நாட்டம், எலக்ட்ரான் கவர்தன்மை ஆகிய நான்கிற்கும் தொடரில் ஓர் இணை, தொகுதியில் ஓர் இணை என எட்டு ஒப்பீடுகளையும், அயனி ஆரத்திற்கு மேற்காட்டிய இரண்டையும் சேர்த்துப் பத்து விடைகளை எழுதுதல். அயனியாக்கும் ஆற்றல் அல்லாத பிற பண்புகளில் நீங்கல் என்னும் உறுப்பின் இடத்தில் ஏற்றல், ஈர்த்தல், சுருங்கல் முதலிய உரிய நிகழ்வை அமைத்துக்கொள்ளல் வேண்டும்.

இறுதியாக, எழுதிய விடைகளை மாணவர் தம்முள் மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு தொடரும் எல்லையைக் கூறுகின்றதா, ஏதுவைக் கூறுகின்றதா எனக் குறித்துத் தருதல் பயனளிக்கும். இப்பணியை வேதியியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் இணைந்து ஒரு பாடவேளையில் நடத்தலாம். விடையின் அமைப்பு செம்மையாக இருப்பினும் ஏது தவறாயின் விடை தவறே. எடுத்துக்காட்டாக, ‘எலக்ட்ரான்கள் கூடுவதால் தொடரில் அணு பெரிதாகின்றது’ என்னும் தொடர் இலக்கணப் பிழையற்றது, வேதியியற் பிழையுடையது. ஆகவே இலக்கணச் சட்டகம் அறிவியல் உண்மைக்கு மாற்றாகாது. உண்மை விடுபட்ட இடத்தை அது காட்டிக்கொடுக்கும்.

முடிவுரை

திருவையாற்று அரசர் கல்லூரி போன்ற நிறுவனங்களில் நெடுங்காலமாகப் பயிலப்பட்டுவரும் வேற்றுமை இலக்கணம், தமிழ்ப் பாடவேளைக்கு மட்டும் உரியதன்று. எல்லை வேறு, ஏது வேறு என்னும் பகுப்பு அறிவியல் விளக்கத்திற்கும் அடிப்படையாவது. ஆவர்த்தனம் என்னும் சொல் மீள்வை உணர்த்த, வேற்றுமைப் பொருள் அம்மீள்வின் காரணத்தைத் தேடத் தூண்டுகின்றது. தமிழ்வழிக் கல்வி மனப்பாடத்திற்கே இட்டுச்செல்லும் என்னும் குறைகூறலுக்குக் கலைச்சொற்களைப் பெருக்குவது மட்டும் மறுமொழியாகாது. அச்சொற்களைக் கொண்டு மாணவர் காரணத்தை எழுதப் பழகுவதே தக்க மறுமொழியாகும். பிற பாடங்களில் வரும் காரண வினாக்களுக்கும் இம்முறை பொருந்துமாற்றை ஆய்வாளர் விரித்து ஆராயலாம்.