தாணு, மால், அயன்: ஒரு திருநாமம் விளங்கும் வழி

நாஞ்சில் நாட்டில் ஆண் பிள்ளைகளுக்குத் 'தாணு' எனப் பெயரிடுவது வழிவழியான வழக்கம். சுசீந்திரம் தாணுமாலய சுவாமியின் திருநாமத்திலிருந்து வந்தது அப்பெயர். நாள்தோறும் அழைக்கப்படும் அச்சொல்லின் பொருள் குழந்தையின் மனத்தில் எவ்வாறு விளைகிறது?

ஒரு சொல்லைக் கூறி, கேட்டவுடன் தோன்றும் வேறொரு சொல்லைக் குழந்தைகளிடம் கேட்டறிவது உளவியலார் கையாளும் முறை. 'நாய்' என்றால் 5 வயதுக் குழந்தை பெரும்பாலும் 'குரைக்கும்' என்னும்; 9 வயதுப் பிள்ளையோ 'பூனை' என்னும். சொல் முதலில் செயலோடு இணைகிறது. வளர வளரத் தன் இனத்தோடு இணைகிறது.

கோயில் சார்ந்த சொற்களும் இவ்வாறே பதிகின்றன. சிறு குழந்தைக்குத் தாணுமாலயன் என்பது மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் வடம் பிடித்து இழுக்கும் தேர். அனுமன் என்பது 18 அடி உயரத் திருமேனியும் அதற்குச் சாத்தும் வெண்ணெயும். சற்றே வளர்ந்தபின் சிவன், திருமால், பிரமன் என்று தெய்வங்களை வரிசைப்படுத்துகிறது. அதன் பின்னரே, தேரோடு சேர்ந்திருந்த பெயர் மூன்றாகப் பிரிவது அதற்கு விளங்கும். நிலைத்து நிற்பவன் தாணு. மால் என்பது திருமால். அயன் என்பது பிரமன். மூவரும் ஒரே இலிங்கத் திருமேனியில் உறைகின்றனர் என்ற தலத்தின் உண்மை அப்பெயருக்குள்ளேயே இருக்கிறது. 'சுசி' என்றால் தூய்மை. இந்திரன் சாபம் நீங்கித் தூய்மை பெற்ற தலம் சுசீந்திரம் என்பதும் அப்போது இனிக்கும்.

இதில் நாம் இரு வகையில் தவறிவிடக்கூடும். தேரையே காணாத மழலைக்குத் தத்துவம் உரைத்தால் அது வெற்று ஒலியாகவே நிற்கும். தேரிழுத்து வளர்ந்த 10 வயதுப் பிள்ளைக்குப் பெயரைப் பிரித்துக் காட்டாவிட்டால், தாணுமாலயன் என்பது திருவிழாக் கடைகளின் நினைவாகவே தங்கிவிடும்.

வெளியூர்களிலும் வளைகுடா நாடுகளிலும் வளரும் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்குத்தான் ஊர் வருகின்றனர். அச்சில நாள்களில் சிறியவர்களை வடம் தொடச் செய்வோம். கொன்றை மரத்தைக் காட்டுவோம். பெரியவர்கள் 'ஏன் இந்தப் பெயர்?' என்று வினவினால், தாத்தாவோ ஆச்சியோ பிராகாரத்தில் சற்றே அமர்ந்து விடை கூறட்டும். கேள்வி எழும் பருவமே பொருள் சொல்லத் தக்க பருவம்.