ஓர்க்கிட் செடிக்கு வீடு கட்டுதல்

புகையிரத எஞ்சின் கொட்டகையையும் கால்வாயையும் அண்டி வீடுகள் நெருங்கி நிற்கும் தெமட்டகொடையில், ஒருவர் தம் கொல்லைப்புறத்தில் நான்கு இரும்புக் குழாய்களை நாட்டி, மேலே நிழல்வலையை இழுத்துக் கட்டி, அதன் கீழே தேங்காய்ப் பொச்சும் கரித்துண்டும் இட்ட மண்சட்டிகளில் டென்ட்ரோபியத்தையும், வேர்கள் காற்றில் தொங்கும்படி மரச்சட்டக் கூடைகளில் வண்டாவையும் வளர்ப்பாரானால், ஓர்க்கிட்டுக்கு வேண்டிய வீடு அவ்வளவில் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வருஷம் முழுவதும் சராசரி உஷ்ணம் 27 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும் கொழும்பு மாநகரில் செடிக்கு வெப்பம் தேடித் தரவேண்டிய அவசியம் கிடையாது. உச்சி வெயிலின் கடுமையைத் தணிப்பதும், மே மாதத்திலும் பின்னர் ஒக்டோபர், நவம்பரிலும் கொட்டுகின்ற மழை குருத்தில் தேங்கி அழுகலை உண்டாக்காதபடி காப்பதுமே இங்கு வீட்டின் வேலை.

இதே தெமட்டகொடையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் கடல் கடந்து சென்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் குடியமர்ந்தவர்கள், ஊரிலே தாய்மார் வளர்த்த பூவை அங்கும் வளர்க்க ஆசைகொள்ளும்போது, வீட்டின் இலக்கணம் தலைகீழாகிவிடுகிறது. டிசெம்பர்க் கடைசியில் லண்டனிற் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு; ரொறன்ரோவிலோ தை மாதத்து இரவுகள் நீரின் உறைநிலைக்கு வெகு கீழே இறங்குகின்றன. இங்கே வெயிலைத் தடுக்கக் கூரை கட்டுகிற நாம், அங்கே வெயிலைச் சிறைப்பிடிக்கக் கூரை கட்டவேண்டியவர்களாகிறோம். இருப்பினும் அந்த வீட்டைத் தம் கையாலேயே சொற்பச் செலவில் அமைத்துக்கொள்ளலாம் என்பதும், அதற்கு முதலில் வேண்டியது பணமன்று, செடியின் சுபாவத்தைப் பற்றிய தெளிவே என்பதும் என் அபிப்பிராயம்.

அந்தத் தெளிவு இல்லாமையால் ஆங்கிலேயர் கொடுத்த விலை பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உஷ்ண தேசங்களிலிருந்து ஓர்க்கிட்டுகளைக் கப்பலேற்றி வரவழைத்த அவர்கள், அவை யாவும் புழுக்கம் மிகுந்த தாழ்நிலக் காடுகளிற் பிறந்தவை என்று கருதி, காற்றோட்டமற்ற கண்ணாடி அறைகளில் அவற்றை அடைத்து, செங்கற் புகைவழிகளால் இரவும் பகலும் சூடேற்றி, நீராவியிலே வேகவிட்டு, எண்ணிறந்த செடிகளை நாசமாக்கினர். சாட்ஸ்வொர்த் மாளிகையில் டெவன்ஷயர் பிரபுவின் தோட்டத் தலைவராயிருந்த ஜோசப் பாக்ஸ்டன், 1835ஆம் ஆண்டில் ஜோன் கிப்சன் என்பவரை இந்தியாவுக்கு அனுப்பி, இன்றைய மேகாலயாவைச் சேர்ந்த காசி மலைகளிலிருந்து ஓர்க்கிட்டுகளைத் தருவித்ததோடு நில்லாமல், அறைகளுக்குள் காற்றை உலவவிட்டும், பிறந்த இடத்துச் சீதோஷ்ணத்துக்கு ஏற்பச் செடிகளை வெவ்வேறு அறைகளிற் பிரித்து வைத்தும் அவற்றைப் பிழைக்கச் செய்தார். மலையிற் பிறந்த செடிக்குக் குளிர்ந்த இரவு வேண்டும் என்ற சாதாரண உண்மை அங்கே ஊன்றிப்போவதற்கு அத்தனை செடிகள் பலியாகவேண்டியிருந்தது.

இரவைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வண்டா, கட்லியா, பலனொப்சிஸ் போன்ற மரத்தொற்றுச் செடிகள் ஏனைய தாவரங்களைப்போலப் பகலில் இலைத்துளைகளைத் திறந்து மூச்சுவிடுவதில்லை. நீர் விரயமாகும் பகலில் அவற்றை மூடி வைத்து, இரவிலே திறந்து, கரியமிலவாயுவை உள்ளிழுத்து அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் அதை உணவாக மாற்றிக்கொள்ளுகின்றன. ஆகவே பகலிலே எவ்வளவு வெப்பம் என்பதைக் காட்டிலும் இரவிலே எவ்வளவு குளிர் என்பதே செடி வளர்வதையும் பூப்பதையும் பெரும்பாலும் தீர்மானிக்கின்றது. பலனொப்சிஸுக்கு இரவு 18 பாகை, கட்லியாவுக்கு 15 பாகை, சிம்பிடியத்துக்கு 10 பாகை என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. சிம்பிடியம் நுவரெலியாவிலே செழித்துப் பூத்து, கொழும்பிலே வெறும் இலையாக நின்றுவிடுவதன் இரகசியமும் இதுதான். தாழ்நிலத்து இரவுகள் அதற்கு வேண்டிய குளிரைத் தருவதில்லை.

குளிர்கால வீட்டுக்கு நம் நாட்டிலேயே பாடம் பெறக்கூடிய இடமும் நுவரெலியாவே. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரில், தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகளில், புல்லின் மேல் உறைபனி படிவதையும் தேயிலைக் கொழுந்து கருகிப்போவதையும் மலையகத்தார் அறிவர். மேகமற்ற வானத்தை நோக்கிப் பூமி தன் வெப்பத்தையெல்லாம் கதிராக விட்டுவிடுவதும், கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்திலே தேங்குவதுமே இதற்குக் காரணம். ஒற்றைப் பொலித்தீன் தாள் காற்றைத் தடுக்குமேயன்றி அந்தக் கதிர்வெப்பத்தைப் பெரிதும் தடுப்பதில்லையாதலால், அத்தகைய இரவிலே தாளுக்கு உள்ளும் புறமும் குளிரில் அதிக வித்தியாசம் இராது. இரண்டு தாள்களை ஒரு விரற்கடை இடைவெளிவிட்டுக் கட்டி, நடுவிலே அசையாத காற்றை அடைத்து வைப்பதே உபாயம். காற்றுக்குமிழிகள் கொண்ட பொதிதாள் இந்த வேலையை மலிவாகச் செய்துவிடும். வீட்டைப் பள்ளத்தில் அமைக்காமல், பகல் முழுவதும் வெயிலை உண்ட கற்சுவர் ஒன்றிற் சாய்த்துக் கட்டி, கறுப்புப் பூசிய நீர்ப்பீப்பாய்களை உள்ளே நிறுத்தினால், சுவரும் நீரும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவிலே மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கும். நுவரெலியாவின் உறைபனிக்கு இது போதும்.

ரொறன்ரோவுக்கு இது போதாது. அங்கே தெற்கு நோக்கிய சுவரில் வீட்டைச் சாய்த்துக் கட்டுவதோடு, வெப்பநிலை இறங்கியதும் தானே இயங்கும் மின்சூடேற்றி ஒன்றையும் வைக்கவேண்டும். செலவை அஞ்சி மண்ணெண்ணெய் அடுப்பை உள்ளே கொளுத்துவோர், அது அரைகுறையாக எரியும்போது எதிலீன் என்னும் வாயு வெளிப்பட்டு மொட்டுகளை மலருமுன்னே வாடச்செய்யும் என்பதை அறிந்திருத்தல் நலம். சூடேற்றிய காற்று வறண்டுபோகும் என்பதால், கூழாங்கற்கள் பரப்பிய தட்டுகளில் நீர் ஊற்றி, அந்நீர் சட்டியின் அடியைத் தொடாதபடி, கல்லின் மேல் சட்டிகளை வைக்கவேண்டும். சிறியதொரு மின்விசிறி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கட்டும். அசைவற்ற ஈரக்காற்றிலே அழுகல் நோய் பரவியபின் எந்த மருந்தும் பெரும்பயன் தருவதில்லை. நீரைக் காலையிலேயே, அதுவும் கைக்குச் சில்லென்று படாத பதத்தில், விடவேண்டும். குழாயிலிருந்து நேரே வரும் பனிநீர் பட்டால் பலனொப்சிஸின் இலையுள்ளே உயிரணுக்கள் சிதைந்து குழிக்குழியாகிவிடும்.

இவ்வளவு பிரயத்தனமும் செடியைத் தெரிந்தெடுப்பதிற் பிழைத்தால் வீணாகும். இரவிலே 10 பாகைக்குமேல் சூடேற்ற வசதியில்லாதவர் சிம்பிடியத்தோடு திருப்தியடைய வேண்டும். கொழும்பின் வண்டாவை அந்த வீட்டிலே வைப்பது அதைச் சித்திரவதை செய்வதாகும். ஜன்னலோரம் ஒன்றே உடையவருக்குப் பலனொப்சிஸ் ஏற்றது: மனிதர் வசிக்கும் அறையின் வெப்பமே அதற்கு உகந்தது, இலையுதிர்காலத்தில் சில வாரங்கள் இரவு சற்றுக் குளிர்ந்தால் பூங்கொத்தும் தள்ளிவிடும்.

ஈழத்துக் காடுகளுக்கே உரிய ஓர்க்கிட் ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். தாழ்நில மழைக்காடுகளில் மரங்களிலிருந்து தொங்கி, வெசாக் காலத்தை ஒட்டி ஊதா நிறத்தில் மலர்வதால் சிங்கள மக்கள் வெசாக் மலர் என்று அழைக்கும் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே, பின்னாளில் இலங்கையின் தேசாதிபதியான சேர் சாள்ஸ் மக்கார்த்தியின் மனைவியாரது பெயரைத் தாங்கியது. வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வளராதது. அதன் அழகே அதற்கு அபாயமாகி, காடுகளிலிருந்து பிடுங்கப்பட்டுப் பிடுங்கப்பட்டு இன்று அது அரிதாகிவிட்டது. ஒரு ஓர்க்கிட் காயிலே தூசிபோன்ற விதைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், அவற்றில் உணவுச் சேமிப்பு இல்லாமையால், தக்க பூஞ்சணத்தின் துணை கிடைத்தவை மாத்திரமே காட்டில் முளைக்கின்றன. எனவே போனதை ஈடுசெய்யக் காட்டுக்கு நெடுங்காலம் பிடிக்கும். 1922ஆம் ஆண்டில் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், பூஞ்சணமின்றியே சர்க்கரை சேர்த்த ஊடகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் அவ்விதைகளை முளைக்கச் செய்யும் முறையை வெளியிட்ட பின்னர், காட்டுச் செடியைப் பிடுங்குவதற்கு நியாயம் எதுவும் மிஞ்சவில்லை.

ஆகையால் தெமட்டகொடையிலாயினும் ரொறன்ரோவிலாயினும் ஓர்க்கிட்டுக்கு வீடு கட்ட முனைவோரிடம் ஒரு வேண்டுகோள். நாற்றுப்பண்ணையில் வளர்ந்த செடியையே கேட்டு வாங்குங்கள். காட்டிலே பிடுங்கியதை எவர் கொண்டுவந்து விற்றாலும் வாங்காதீர்கள். ஊர் ஞாபகமாகப் பயணப்பெட்டிக்குள் செடியை ஒளித்துக்கொண்டு விமானம் ஏறவும் வேண்டாம். ஓர்க்கிட் குடும்பம் முழுவதும் சர்வதேச ஒப்பந்தத்தின் பாதுகாப்பில் இருப்பதால், அனுமதிப்பத்திரம் இல்லாத செடியை விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள்.